வில்லையும் விழியழுத்தமும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகையில் காது அடைத்துக்கொள்வதை அறியாதவர் இலர். தானா ராத்தா கடல்மட்டத்திற்குமேல் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களை ஒருவர் சேர்வதற்குள், வெளிக்காற்றின் அழுத்தம் பாதரச அளவில் நூறு மில்லிமீட்டருக்கும் மேல் குறைந்துவிடுகிறது. கண்ணோ இதனைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. கண்ணழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் என்று மருத்துவர் கூறுவது, வெளிக்காற்றினும் அது எவ்வளவு மிகுதி என்பதையே. உள்ளும் புறமும் ஒருசேரக் குறைவதால் அந்த மிகுதி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

மலையேற்றம் செய்யாத மாற்றத்தை ஒரு சிறு வில்லை செய்யக்கூடுமா என்பதே இன்று கண் மருத்துவர்களிடையே உள்ள வினா.

கண்ணின் முன்னுள்ள கருவிழிப்படலம் கூம்புபோல் பிதுங்கும் நோய் ஒன்றுண்டு. அது முற்றினால் மூக்குக்கண்ணாடி பயன்படாது. அத்தகையோருக்கு வெள்விழி வில்லை பெருந்துணை. சாதாரண வில்லையைப்போல் கருவிழிப்படலத்தின்மேல் அமராமல், அதனைத் தொடாது கவிந்து, விளிம்பால் வெள்விழியின்மேல் நிற்பது இது. இடையில் உப்புநீர் தேங்கி மேடுபள்ளத்தை நிரவிவிடும். எண்ணம் பழையது, 1888-இல் ஜூரிச்சில் அடால்ஃப் ஃபிக் இவ்வாறு கண்ணாடியால் செய்தார். இன்று காற்றுப் புகும் நெகிழிப்பொருளால் செய்கின்றனர். சென்னைச் சங்கர நேத்ராலயாவிலும் இவ்வகை வில்லைகள் பொருத்தப்படுகின்றன.

இடர் அந்த விளிம்பில்தான். கண்ணுக்குள் ஓயாது ஊறும் நீர், கருவிழியும் வெள்விழியும் கூடும் ஓரத்திலுள்ள நுண்சல்லடை வழியே ஷ்லெம் கால்வாயை அடைந்து, வெள்விழியின் மேற்புறச் சிரைகளில் வடிகிறது. வில்லை அழுந்துவது அவ்வடிகாலின் அருகேதான். வாய்க்காலை மிதித்தால் வயலில் நீர் ஏறத்தானே செய்யும்!

ஏறுகிறதா என்று அளப்பது எளிதன்று. அழுத்தமானி தொட்டு அளக்கும் கருவிழிப்படலத்தையே வில்லை மூடிக்கொள்கிறது. கழற்றினால் அழுத்தம் விரைவில் தணியக்கூடும். 2019-இல் வெளியான மான்ட்ரியல் ஆய்வு ஒன்று இமையின்மேல் வைத்து அளந்து, நாலரை மணிநேர அணிவில் நான்கைந்து மில்லிமீட்டர் ஏற்றம் கண்டது. அம்முறையின் நுட்பத்தை ஐயுறுவோரும் உளர். வேறு சில ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க ஏற்றமே இல்லை.

நலமான கண்ணுக்கு இச்சிறு ஏற்றம் பெரிதன்று. பார்வை நரம்பு முன்பே நலிந்த குளுக்கோமா நோயாளிக்கும், கருவிழி மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கும் அவ்வாறு சொல்லிவிட இயலாது. குளுக்கோமா பெரும்பாலும் வலியின்றியே பார்வையைத் தின்னும். எனவேதான் அணியுமுன் ஒருமுறையும், அணிந்து சில மணி கழித்துக் கழற்றிய உடனே ஒருமுறையும் அளக்கவேண்டும் என்கின்றனர். தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் பரிசோதனைக்கு இறங்கி வருபவர், வில்லையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால், மருத்துவர் காணவேண்டிய ஏற்றம் வழியிலேயே தணிந்திருக்கும்.