சுவரில் மலர்ந்த வண்ணத்திரை

சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏர்க்காட்டிற்குச் செல்லும் சாலையோரம் பழைய நுழைவாயில் வளைவொன்று நிற்கிறது. 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் எஞ்சிய அடையாளம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியது அந்நிறுவனம். அக்காலத்தில் ஒரு படத்தின் வரவை ஊர்தோறும் அறிவித்தவற்றுள் முதன்மையானது சுவரொட்டி.

வண்ணம் தந்த தாள்

அன்றைய படங்கள் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. அவற்றின் சுவரொட்டிகளோ பல வண்ணங்களில் அச்சாயின. நாயகனின் அங்கி சிவப்பா, நீலமா என்பதைத் திரை கூறவில்லை, ஓவியரே முடிவுசெய்தார். உயர்த்திய வாளும் கலங்கிய கண்ணும் எழுத்தறியாதவர்க்கும் கதையின் போக்கை உணர்த்தின. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகும். சுவரில் கண்ட வண்ணத்தை மக்கள் அப்போது திரையிலும் முழுமையாகக் கண்டனர்.

கல்லில் வரைந்த ஓவியம்

சுவரொட்டிகளை அச்சிடத் தொடக்கத்தில் கல்லச்சு முறை பயன்பட்டது. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதே இம்முறையின் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லின்மீது கொழுப்புக் கலந்த மையால் ஓவியம் வரையப்படும். கல்லை நனைத்தால் வரைந்த இடம் நீரை விலக்கும். பின்னர்த் தடவும் அச்சுமை அவ்விடத்தில் மட்டும் பற்றும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிக்கல் வேண்டும். மஞ்சளின்மீது நீலம் படிந்தால் பச்சை தோன்றும். சில கற்களைக் கொண்டே பல வண்ணங்களைக் காட்டுவது ஓவியரின் திறமை. தாள் சற்றே விலகினாலும் உதட்டின் சிவப்பு கன்னத்தில் படிந்துவிடும். பின்னாளில் உலோகத் தகடுகளும் ஆப்செட் இயந்திரங்களும் கல்லின் இடத்தைப் பெற்றன. சிவகாசி அச்சகங்கள் இத்தொழிலில் புகழ்பெற்றன.

அழிவும் காப்பும்

சுவரொட்டியின் வாழ்நாள் குறுகியது. பசைகொண்டு ஒட்டிய தாளின்மீது அடுத்த படத்தின் தாள் ஏறும், மழை கரைக்கும், மாடுகள் கிழித்துத் தின்னும். சுவரேறாமல் எஞ்சிய தாள்களே பெரும்பாலும் இன்று சேகரிப்பாளர்களின் கைகளில் உள்ளன. அருமை கருதி அவற்றை விலைகொடுத்து வாங்குவோரும் உளர். 1964இல் நிறுவப்பட்ட புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், படச்சுருள்களோடு சுவரொட்டிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பாதுகாக்கிறது.

இப்பணியின் தேவையை ஒரு சான்று உணர்த்தும். 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று காணக் கிடைக்கவில்லை. அச்சிட்ட தாள்களின் வழியாகவே அதனைப் பற்றிப் பெரிதும் அறிகிறோம். படச்சுருள் அழிந்தபின் தாளே சான்றாகிறது. ஆனால், அத்தகைய தாள்கள் பலவற்றில் நடிகர் பெயர் பெரிதாக இருக்க, வரைந்தவரின் பெயர் அறவே இல்லை.

நம் வீட்டுப் பரணில் பழைய சுவரொட்டி ஒன்று கிடைத்தால், அதை மடிக்காமல், வெயிலும் ஈரமும் படாமல் விரித்து வைக்கலாம். அதன் மூலையில் ஓவியரின் கையொப்பம் உள்ளதா என்றும் தேடிப் பார்க்கலாம்.