கல்யாணப் பத்திரிகை ஏபிகே-யில் வராது

வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு, தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருகிறது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் தவணை, வங்கி கேஒய்சி என்று பெயர்தான் மாறும். கோப்பின் வால் மட்டும் ‘ஏபிகே’. அது பத்திரிகையும் அல்ல, படமும் அல்ல. ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. அனுப்பியவரின் வாட்ஸ்அப் ஏற்கெனவே திருடன் கையில் இருக்கலாம் என்பதால், தெரிந்த பெயரை நம்பித் திறக்காதீர்கள்.

திறந்தால் போனே எச்சரிக்கும். அதையும் மீறிப் பலர் அனுமதி கொடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் சம்மதித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வங்கி அனுப்பும் ஓடிபி திருடனுக்கும் போய்விடும். ‘யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே’ என்று கலங்குபவர்கள் பொய் சொல்வதில்லை.

பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பணம் போனதும் பதறிப்போய் அதே போனிலேயே கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். புதுக் கடவுச்சொல்லும் திருடனிடம் போய்ச் சேரலாம். முதலில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். அதிலிருந்து சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்க முயல்வார்கள். தாமதித்தால் அது கைமாறிவிடும். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் அன்றே முழு விவரத்தையும் பதியுங்கள். வங்கியின் உதவி எண்ணை கூகுளில் தேடாதீர்கள், அங்கேயும் போலி எண்கள் இருக்கின்றன. ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதே சரியான எண்.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, தேதியிட்ட ஒப்புதல் வாங்குங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. ரிசர்வ் வங்கியின் 6.7.2017 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி, வங்கியிடமும் உங்களிடமும் தவறில்லாதபோது 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. உங்கள் கவனக்குறைவு என்று முடிவானாலும், புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. அதற்குச் சான்று அந்த ஒப்புதல் சீட்டுதான். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இதைச் சொல்லாமல் ‘போலீசுக்குப் போங்க’ என்று அனுப்பிவிடும் கிளை அதிகாரிகளைக் கண்டு சலித்துவிட்டது. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) இலவசமாக முறையிடலாம், விவரத்துக்கு 14448.

காவல் நிலையத்தில் ‘எங்கள் எல்லை இல்லை’ என்றால் திரும்பி வராதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். குறைந்தபட்சம் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். 1930-இல் முடக்கிய பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் பலர். பல நேரங்களில் நீதிமன்றத்தில் மனு போட்டு உத்தரவு பெற்றால்தான் அது திரும்பும்.

அடுத்தது ஜிமெயில். பல கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது. வைரஸ் இல்லாத வேறு கருவியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஜிமெயில் அமைப்புகளில் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வசதி இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். இதை விட்டுவிட்டால் கடவுச்சொல் மாறியும் உங்கள் அஞ்சல் திருடனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வைரஸ் புகுந்த போனை, வேண்டிய படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அதுவரை அதில் வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள், கடவுச்சொல் எதையும் தட்டாதீர்கள். 1930 என்ற எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் இன்றே பதிந்து வையுங்கள்.