மடி கல்லான பிறகு ஏன் வருகிறீர்கள்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் கால்நடை மருந்தகத்தில் மடிநோய் மாடுகள் வரிசை கட்டும். தொழுவம் சேறானால் நோய் பெருகத்தான் செய்யும், அதில் வியப்பில்லை. மாடு வந்து சேரும் நிலைதான் வயிற்றெரிச்சல். மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகியிருக்கும். பீய்ச்சினால் மஞ்சள் நீரும் திரிதிரியாகக் கட்டியும் வரும். எப்போதிலிருந்து என்று கேட்டால், "நாலு நாளாச்சு சார். மெடிக்கல்ல ட்யூப் வாங்கி ஏத்துனோம். மொதல்ல கேட்டுச்சு, அப்புறம் கேக்கல" என்பார்கள். அதற்குள் பால் சுரக்கும் திசு தழும்பாகிவிட்டால், எந்த ஊசியும் அதைத் திருப்பித் தராது.

வீங்கினால்தான் நோயா?

இல்லை. வெளியே தெரியாத மடிநோய்தான் அதிகம். மடி வீங்காது, பாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். கறவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நீங்கள் புண்ணாக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று ஒன்று உண்டு. எந்தக் காம்பில் நோய் என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

கண்ணேறு, ஈர்க்கு, இன்ன பிற

"ஊர்க்கண் பட்டுடுச்சு." சுற்றிப் போடுவதை நான் தடுக்கவில்லை. சுற்றிப் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"அடைப்பு எடுக்க ஈர்க்கு விட்டோம்." காம்புத் துளையின் உட்புறத்தில் கிருமியைத் தடுக்கவென்றே மெழுகு போன்ற படலம் இருக்கிறது. ஈர்க்கு அதைச் சுரண்டிவிட்டு, வாசலில் நின்ற கிருமியை உள்ளே கொண்டுபோய் விடுகிறது. தயவுசெய்து எதையும் நுழைக்காதீர்கள்.

"வீங்கின மடியில கை வைக்கக் கூடாது." நேர்மாறு. கெட்ட பாலைப் பல தடவை பீய்ச்சி வெளியேற்ற வேண்டும். ஆனால் தரையில் பீய்ச்சாதீர்கள். அடுத்த மாடு அங்கேதான் படுக்கும். கன்றுக்கும் விடாதீர்கள்.

"கற்றாழை போதும், டாக்டர் எதுக்கு?" கற்றாழையை நான் குறை சொல்லவில்லை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கழுவிய மடியில் நாளுக்கு எட்டு, பத்து முறை பூசும் முறை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவ ஆய்வில் முறைப்படுத்தப்பட்டது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் அதைப் பரப்புகிறது. ஆன்டிபயாடிக்கைக் குறைக்க நல்ல வழி. ஆனால் மாடு தீனி எடுக்காமல், காய்ச்சலோடு, பால் தண்ணீராக இறங்கினால் கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்திருக்கலாம். அப்போது அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

மிச்சம் வைத்த ட்யூப்

காம்பில் ஏற்றும் மருந்து ட்யூபில் பாதியை ஏற்றிவிட்டு மீதியை அடுத்த மாட்டுக்கென்று ஓட்டுச் சந்தில் செருகி வைக்கிறார்கள். முனையில் ஒட்டிய அழுக்கும் கிருமியும் மருந்தோடு சேர்ந்து உள்ளே போகும். இரண்டு நாளில் வீக்கம் வடிந்ததும் மருந்தை நிறுத்தினால், தப்பிய கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும். மருந்து ஏற்றிய மாட்டின் பாலைச் சொசைட்டிக்கும் ஊற்றுகிறீர்கள். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்ப வேண்டாம். உறை ஊற்றியும் தயிர் உறையவில்லை என்றால், உறைமோரின் நுண்ணுயிரை அந்த மருந்து கொன்றிருக்கலாம். குடிப்பது குழந்தைகள்.

வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடுவதும் நிற்கவில்லை. ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு பாகிஸ்தானில் நிறுவிய உண்மை இது. 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நமக்கு மோயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகள் சொற்பம். டைக்ளோஃபினாக்குக்குப் பதிலாக மெலாக்சிகாம் இருக்கிறது, எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கையெடுத்துக் கேட்கிறேன்

கறக்கும் முன் மடியையும் கையையும் கழுவித் துடையுங்கள். முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி இருந்தால் கண்ணில் படும். கட்டைவிரலை மடக்கிக் கறக்காதீர்கள், காம்பு நசுங்கும், முழுக்கையால் கறவுங்கள். நோய் மாட்டைக் கடைசியில் கறவுங்கள். கறந்ததும் காம்பைப் போவிடோன் அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காதபடி முன்னால் தீனி போடுங்கள். கறவை வற்றும்போது ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள். அடுத்த ஈற்றைக் காக்கும் மருந்து அப்போதுதான் ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் முடியாதென்றால் ஒன்றாவது செய்யுங்கள். மடி சுட்டாலோ பால் திரிந்தாலோ, மெடிக்கல் கடைக்கு நடக்கும் முன் கால்நடை உதவி எண் 1962க்குப் போன் போடுங்கள். நாலாம் நாள் அல்ல, அன்றைக்கே.