வேலி இல்லாத மலை, இடம் மாறாத ஆடு

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்ப்ரியாவில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைநாடு இருக்கிறது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்) இங்கேதான். அதற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சீத்வெயிட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஆண்டுக்கு 3,000 மி.மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. லண்டனில் பெய்வது ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்குதான். மேலே மண் மெல்லிசு, குளிர் அதிகம், காற்று ஓயாது. உழுது விதைத்து ஒன்றும் எடுக்க முடியாது. விளைவதெல்லாம் முரட்டுப் புல்லும் புதரும்தான். அதனால் நூற்றாண்டுகளாக அந்த மலைகளை நம்பிப் பிழைத்தவர்கள் செம்மறி ஆடு வளர்ப்பவர்களே.

மலையடிவாரப் பண்ணைகளைச் சுற்றிக் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள் உண்டு. சுண்ணாம்பு, காரை எதுவும் கிடையாது. அந்தச் சுவர்கள் சரிவில் ஓரளவு உயரம் ஏறி நின்றுவிடும். அதற்கு மேலே திறந்த மலை. பெரும்பாலும் அது பொது மேய்ச்சல் நிலம்; இங்கிலாந்தின் பொது நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கம்ப்ரியாவில்தான் இருக்கிறது. ஒரே மலையில் பல பண்ணைகளின் ஆடுகள் மேய்கின்றன. இடையில் வேலியோ கம்பியோ இல்லை; நாள் முழுக்கக் கூடவே நின்று மடக்கும் ஆளும் இல்லை. ஆனாலும் மே மாதம் மலையேற்றி விட்ட ஒரு பண்ணையின் ஆடுகளை ஜூலையில் தேடிப் போனால், அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பண்ணைக்கென்று வழிவழியாக வந்த அதே சரிவில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். இந்த ஓடை வரை நாங்கள், அந்தப் பாறைக்கு அப்பால் அவர்கள் என்ற எல்லை ஆடுகளுக்கே தெரிந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஹெஃப்டிங் என்று பெயர். ஒரு மந்தைக்குப் பழகிப்போன மலைத்துண்டுதான் அதன் ஹெஃப்ட். நான் அறிந்தவரை, மனிதனும் விலங்கும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடுகளில் இவ்வளவு நுட்பமானது வேறு அதிகம் இல்லை.

இதைக் குட்டிக்குக் கற்றுக்கொடுப்பது தாய். மலையாட்டுக் குட்டி ஏப்ரல் நடுவிலோ மே மாதத்திலோ அடிவார வயலில் பிறக்கிறது. சில வாரங்களில் தாயோடு மலையேறுகிறது. அந்த முதல் கோடை முழுவதும் அது தாயின் காலடியை விட்டு விலகுவதில்லை. தாய் எங்கே நீர் குடிக்கிறதோ அங்கே குட்டியும் குடிக்கிறது. தென்மேற்குக் காற்று மழையோடு அறையும்போது எந்தப் பாறையின் மறைவில் போய் நிற்பது, இளம்புல் முதலில் துளிர்ப்பது எந்தச் சரிவில், எந்தச் சதுப்பில் கால் வைத்தால் இறங்கிவிடும் என்பதையெல்லாம் பின்னால் நடந்தே தெரிந்துகொள்கிறது. இலையுதிர்காலத்தில் கிடாக்குட்டிகள் பெரும்பாலும் விற்கப்படுகின்றன. மந்தைக்கென்று நிறுத்திவைத்த பெட்டைக்குட்டிகளை முதல் குளிர்காலத்துக்கு மட்டும் தாழ்வான வெளியூர் வயல்களுக்கு அனுப்புவார்கள். பல மாதம் கழித்து அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து மலைவாசலில் விட்டால், தாய் காட்டிய இடத்தை நோக்கி நடக்கின்றன. பிறகு அவையும் தாயாகி, தம் குட்டிகளை அதே இடத்துக்கு அழைத்துப் போகின்றன.

ஆட்டை மந்தபுத்தியுள்ள விலங்கு என்று நினைப்பவர்கள் பலர். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் அருகே உள்ள பாப்ரகாம் ஆய்வு நிறுவனத்தில் கீத் கெண்ட்ரிக் குழுவினர் செய்த சோதனைகளில், செம்மறி ஆடுகள் வேறு 50 ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுக்கும் மேலாக நினைவில் வைத்திருந்தன. 2001-இல் நேச்சர் இதழில் இது வெளியானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃப்ரெட் புரொவென்சா போன்றவர்கள் மேய்ச்சல் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். எதைத் தின்னலாம் என்பதைக் குட்டி பெரிதும் தாயிடமிருந்தே கற்கிறது என்றும், இளமையில் தாயோடு தின்று பழகிய தீவனத்தை ஆண்டுகள் கழிந்தும் மறப்பதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். கூட்டாளி யார், உணவு எது என்பதை இப்படி நினைவில் வைக்கும் விலங்கு, பிறந்த சரிவின் ஒவ்வொரு மடிப்பையும் நினைவில் வைப்பதில் வியப்பில்லை.

தாயின் பாடம் ஒரு பாதிதான். மறுபாதியைக் கவனித்துக்கொள்வது அக்கம்பக்கத்து மந்தைகள். ஒரு ஹெஃப்ட்டின் விளிம்பில் இன்னொரு பண்ணையின் ஆடுகள் மேய்கின்றன. அங்கே புல் ஏற்கெனவே கடிபட்டுக் கிடக்கும். பழக்கமில்லாத முகங்களும் நிற்கும். அதனால் இரு பக்கமும் தத்தம் இடத்தோடு நின்றுவிடுகின்றன. நடுவில் ஒரு மந்தையை எடுத்துவிட்டால், கடிபடாத புல்லைத் தேடி இரு பக்கத்து ஆடுகளும் அந்த வெற்றிடத்துக்குள் வருகின்றன. நாளடைவில் அவற்றின் எல்லையும் குலைகிறது. ஒரு பண்ணை ஆடு வளர்ப்பதைக் கைவிட்டால் மலை முழுவதும் அதன் பாதிப்பை உணரும்.

எவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டிலும் வழி தப்பும் ஆடு உண்டு. அதற்கும் அந்த ஊர்க்காரர்கள் வழி செய்து வைத்திருக்கிறார்கள். ஆட்டின் முதுகிலோ விலாவிலோ இடுப்பிலோ சிவப்பு, நீலம் என ஒரு சாயக்கோடு இருக்கும். எந்த இடத்தில் எந்த நிறம் என்பது பண்ணைக்குப் பண்ணை மாறும். சாயம் மழையில் மங்கலாம் என்பதால் காதிலும் அடையாளம் உண்டு: நுனியைக் கத்தரிப்பது, ஓரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு எடுப்பது, நடுவே பிளப்பது என்று பல வகை. ஒரு பண்ணையின் அடையாளம் பக்கத்துப் பண்ணைக்கு இருக்கக்கூடாது. இந்த அடையாளங்களையெல்லாம் ஆட்டுப் படங்களில் வரைந்து, பண்ணைப் பெயரோடு தொகுத்த கையேடு முதன்முதலில் 1817-இல் அச்சானது. அதன் பிற்காலப் பதிப்புகள் இன்றும் பண்ணை வீடுகளில் உண்டு. குறித்த நாளில் பள்ளத்தாக்குக்காரர்கள் ஓரிடத்தில் கூடி, தங்கள் மந்தையில் கலந்துவிட்ட அயல் ஆடுகளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பார்கள். வேலையோடு விருந்தும் பாட்டும் சேர்ந்த நாள் அது.

இந்த மலைக்கே உரிய இனம் ஹெர்ட்விக். பிறக்கும்போது குட்டி கன்னங்கறுப்பு. ஓராண்டில் உடல் பழுப்பேறும். வயது கூடக் கூட சாம்பல் நிறமாகி வெளுக்கும். முகமும் காலும் மட்டும் உறைபனி படிந்தாற்போல வெண்மையாகிவிடும். அதன் ரோமம் முரடு. கம்பளத்துக்கும் கெட்டியான துணிக்கும்தான் ஆகும். அதற்குக் கிடைக்கும் விலை பல ஆண்டுகளில் கத்தரிக்கும் கூலிக்குக்கூடப் போதுவதில்லை. ஆனால் அந்த முரட்டு ரோமம்தான் பனியிலும் மழையிலும் ஆட்டைக் காக்கிறது. கிடாயை நவம்பரில்தான் பெட்டைகளோடு விடுவார்கள். ஐந்து மாதச் சினைக்காலம் முடிந்து குட்டி விழும்போது அடிவாரத்தில் புல் துளிர்த்திருக்க வேண்டும் என்ற கணக்கு அது. சமவெளிப் பண்ணைகளில் குட்டி ஈனும் காலம் இதற்குப் பல வாரம் முன்பே வந்துவிடும். மலையில் அவசரப்பட்டால் குட்டி பனிக்குத்தான் பலியாகும்.

ஆண்டில் சில முறை மந்தையைக் கீழே இறக்க வேண்டும்: ரோமம் கத்தரிக்க, மருந்து கொடுக்க, விற்பனைக்குப் பிரிக்க. விடியலில் ஆட்களும் பார்டர் கோலி நாய்களும் உச்சி வரை ஏறுகிறார்கள். பாறை இடுக்கில் நிற்கும் ஆட்டை நாய் சுற்றி வளைத்து வெளியே கொண்டுவரும். மேலே ஒருவர் விசிலடிக்க, கீழ்ச்சரிவில் நிற்பவர் தம் நாயை வேறு பக்கம் அனுப்புவார். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் அதே நாளில் தங்கள் ஓரத்தில் வந்து நின்றால்தான் வேலை நடக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். இந்த வேலையில் இயந்திரத்தின் பங்கு மிகக் குறைவு. கால், நாய், பல்லாண்டுப் பழக்கம் மூன்றும் சேர வேண்டும்.

ஆட்டை இடத்தைவிட்டுப் பிரித்தால் என்ன ஆகும் என்பதை நன்கு புரிந்துவைத்திருந்தவர்களில் ஒருவர் பியட்ரிக்ஸ் பாட்டர். பீட்டர் என்ற முயலின் கதையை 1902-இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றவர். புத்தக வருமானத்தைக் கொண்டு 1905-இல் இங்கே ஹில் டாப் பண்ணையை வாங்கினார். பிறகு பண்ணை மேல் பண்ணையாக வாங்கி, ஹெர்ட்விக் ஆடு வளர்ப்பில் ஊரார் மதிக்கும் ஆளானார். 1943 டிசம்பரில் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போயிற்று. தம் மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பதும் அவர் விருப்பம். அந்த மலைநாட்டுக் குத்தகையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குத்தகைதாரர் மாறலாம், ஆனால் ஆடு மாறாது. வருபவர் மந்தையை எண்ணி வாங்கிக்கொள்கிறார். போகும்போது அதே எண்ணிக்கையில் விட்டுச் செல்கிறார்.

அந்த வழக்கத்தின் அருமை 2001-இல் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 20 அன்று எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் கோமாரி நோய் உறுதியானது. சில வாரங்களில் நாடெங்கும் பரவியது. நோய் கண்ட பண்ணைகள் 2,026. அந்த நோய்க்காலத்தில் கொல்லப்பட்ட கால்நடைகள் 60 லட்சத்துக்கு மேல். மே மாதம் நடக்கும் என்று எதிர்பார்த்த பொதுத்தேர்தல்கூட ஜூன் 7-க்குத் தள்ளிப்போனது. நாட்டிலேயே அதிகம் அடிபட்டது கம்ப்ரியா. நோய் கண்ட பண்ணைகளில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் அங்கேதான். குளிர்காலத்துக்குத் தாழ்வயல்களுக்கு அனுப்பியிருந்த இளம் பெட்டைகளும் அந்த அழிவில் சிக்கின. அவைதான் மந்தையின் அடுத்த தலைமுறை.

அரசு ஆட்டுக்கு இழப்பீடு கொடுத்தது. அந்தப் பணத்தில் வேறு ஆடு வாங்கலாம். ஆனால் வாங்கி வந்த ஆட்டுக்கு அந்த மலை தெரியாது. மலையேற்றிவிட்டால் கண்டபடி அலையும். பழக்குவதற்குத் தற்காலிக வேலி போட வேண்டும். இல்லையென்றால் நாள்தோறும் ஆளே போய்த் திருப்பி ஓட்ட வேண்டும். ஒரு தலைமுறைக் குட்டிகளாவது அங்கேயே தாயோடு வளர்ந்தால்தான் வேலியைக் கழற்றலாம். அதற்குப் பல ஆண்டு உழைப்பு வேண்டும்.

இந்த அறிவு உடலோடு பிறப்பதா, கற்று வருவதா என்ற கேள்விக்கு வலுவான பதில் கிடைத்தது வேறொரு கண்டத்திலிருந்து. அமெரிக்காவில் பெருங்கொம்பு ஆடுகள் அழிந்துபோன மலைகளில், வேறிடத்து ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிரெட் ஜெஸ்மர் குழுவினர் ஜிபிஎஸ் பட்டை கட்டி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்து, 2018-இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். 200 ஆண்டுக்கு மேல் ஓரிடத்தில் வாழ்ந்த மந்தைகளில் பெரும்பாலான ஆடுகள் இளம்புல்லைத் தொடர்ந்து பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்தன. புதிதாக விடப்பட்டவற்றில் பத்தில் ஒன்றுகூடப் பெயரவில்லை. எங்கே, எப்போது போவது என்பதைக் கற்று ஒரு மந்தையில் பெரும்பாலானவை இடம்பெயர ஏறக்குறைய 40 ஆண்டு ஆனது. அதே ஆய்வில் கவனித்த மூஸ் மான்களுக்கு ஏறக்குறைய 90 ஆண்டு. விலங்குக் கூட்டங்களிலும் தலைமுறை தாண்டிக் கைமாறும் அறிவு உண்டு என்பதற்கு இது அரிய சான்று.

மலையாட்டின் மீது நியாயமான குற்றச்சாட்டும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்ததால் ஆட்டு எண்ணிக்கை பெருகியது. எழும்பும் மரக்கன்றையெல்லாம் ஆடு கடித்துவிட, பல சரிவுகள் மரமின்றி, பூவின்றிப் போயின. சில இடங்களில் ஆட்டை முழுவதும் இறக்கி மரம் வளரவிட வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்கிறார்கள். 2017-இல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, அங்கே தொடரும் மலை மேய்ச்சல் மரபையும் ஒரு காரணமாகச் சொன்னது. அதனால் வாதம் இன்னும் சூடு பிடித்தது. ஆடு அதிகமான இடங்களில் குறைக்கத்தான் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் குறைக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லா மந்தையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் ஹெஃப்ட் பிழைக்கும். ஒரு மந்தையை அடியோடு எடுத்தால், அருகிலுள்ள எல்லைகளும் சேர்ந்து குலையும்.

1965-ஆம் ஆண்டின் பொதுநிலப் பதிவுச் சட்டப்படி எழுதிய ஏடுகளில், ஒரு பண்ணை எத்தனை ஆடு மேய்க்கலாம் என்ற எண் இருக்கிறது. எந்த ஓடை வரை மேய்க்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ள ஏடு போதாது. அதற்கு அந்த மலையின் ஆட்டுக்காரர்களையும் ஆடுகளையும்தான் நம்ப வேண்டும். இனி அங்கே திட்டம் தீட்டும் எவரும், எண்ணை மாற்றுவதற்கு முன் அந்த ஆட்டுக்காரர்களோடு ஒருமுறை மலையேறிப் பார்க்க வேண்டும்.