புகைப்படங்களை அச்சிடுவோர் கவனத்திற்கு

போர்க்கால இடப்பெயர்வுகளின் போதும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையின் போதும் எம்மக்கள் இழந்தவற்றுள் குடும்பப் புகைப்படங்களும் அடங்கும். வீட்டை மீளக் கட்டியெழுப்பியவர்களாலும் மறைந்தோரின் முகத்தை மீளப் பெற முடியவில்லை. இன்று எமது படங்களுட் பெரும்பாலானவை கையடக்கத் தொலைபேசிகளுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கின்றன. அக்கருவி பழுதடைந்தாலோ தொலைந்தாலோ அவையும் மறைந்துவிடக் கூடும். எனவே, முக்கியமான படங்களையேனும் அச்சிட்டு வைத்தல் அவசியமாகும். ஆயினும், அதனை எங்கு அச்சிடுவது என்பதை விலையை மாத்திரம் கொண்டு தீர்மானித்தல் தகாது.

முதலில் அச்சிடும் முறையைக் கேட்டறிதல் வேண்டும். வெள்ளிச் சேர்மம் பூசப்பட்ட தாளில் ஒளியினாற் பதித்து, இரசாயனத்திற் கழுவியெடுப்பது ஒரு முறை. மையைத் தெளித்து அச்சிடுவது மற்றொன்று. மலிவான சாய மையில் அச்சிட்ட படம் ஒளியினால் மங்கும். நீர் பட்டாற் கரையும். முதலாவது முறையில் அமைந்த படங்களோ ஓரளவு தாங்கவல்லவை. ஜப்பானில் 2011 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், சேற்றிலிருந்து மீட்கப்பட்ட ஏராளமான படங்களைத் தொண்டர்கள் நீரிற் கழுவி உலர்த்தி உரியவர்களிடம் சேர்ப்பித்தனர்.

அடுத்து, மூலக் கோப்பையே கொடுத்தல் வேண்டும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் கொண்ட படத்திற்கு 1800 × 1200 புள்ளிகள் தேவை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுவதால் அதன் நுணுக்கம் குன்றுகிறது. பென் டிரைவிற் கொண்டு செல்வதே நன்று.

தொலைபேசிப் படங்கள் பெரும்பாலும் 4:3 என்ற விகிதத்தில் அமைந்தவை. மேற்கூறிய தாளோ 3:2 விகிதமுடையது. விளிம்பை வெட்டுவதா, வெள்ளை இடைவெளி விடுவதா என்று முன்கூட்டியே கூறாவிடின், ஓரத்தில் நிற்பவரின் தலை வெட்டுப்பட நேரிடும்.

நிறத்திருத்தம் குறித்தும் விழிப்பாக இருத்தல் வேண்டும். கேளாமலே முகங்களை வெளுப்பாக்கிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எமது பெற்றோரின் நிறத்தை மாற்றிக் காட்டும் படம் அவர்களது படமாகாது. “திருத்தம் வேண்டாம்” என்று தெளிவாகக் கூறுதல் எமது உரிமையாகும்.

ஆகவே, முதலில் மூன்று நான்கு படங்களை மட்டும் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்திற் பார்த்து, திருப்தியாயின் எஞ்சியவற்றைக் கொடுப்போமாக. ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைப்போமாயின், ஓரிடத்தில் நேரும் அழிவு எமது நினைவுகள் அனைத்தையும் அழித்துவிடாது.