கடை இணையமும் கைமாற்றுச் சரக்கும்

கடையில் சரக்கு தீர்ந்து, மண்டி லோடு வரத் தாமதமானால் என்ன செய்கிறோம்? பக்கத்துக் கடையில் இரண்டு மூட்டை கைமாற்று வாங்குகிறோம். அவருக்குத் தேவைப்படும்போது நாமும் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் உலகில் இதற்கு 'பியர் டு பியர்' என்று பெயர். 2001-ல் அமெரிக்கரான பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டொரென்ட் இவ்வகையில் பிரபலமானது. பெரிய கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிந்து பல கம்ப்யூட்டர்களிலிருந்து நமக்கு வருகிறது. அதே நேரத்தில், நம்மிடம் வந்த துண்டுகள் பிறருக்குப் போகின்றன.

இந்தப் 'போகிற' கணக்கைத்தான் நம்மில் பலர் பார்ப்பதில்லை. அளவுள்ள திட்டங்களில் வருவதும் போவதும் சேர்ந்தே கணக்காகும். 1 ஜி.பி. வாங்கி 1 ஜி.பி. கொடுத்தால் 2 ஜி.பி. தீர்ந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல இணைப்புகளில் போகும் வழி, வரும் வழியைவிடக் குறுகலானது. சரக்கு வந்ததும் நாம் ரசீது அனுப்புவது போல, வரும் தகவலுக்கும் நம் கம்ப்யூட்டர் ரசீது அனுப்புகிறது. குறுகிய வழியைப் பிட்டொரென்ட் அடைத்துக்கொண்டால் ரசீதுகள் வரிசையில் நிற்கும். ரசீது கிடைக்காத மறுமுனை அடுத்த லோடை நிறுத்தி வைக்கும். வாசலில் லாரி காத்திருக்க, இ-வே பில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'நான் பிட்டொரென்ட் தொட்டதே இல்லை' என்பவரும் கவனிக்க வேண்டும். 2015-ல் வந்த விண்டோஸ் 10 முதல், அப்டேட் கோப்புகளைப் பிற கம்ப்யூட்டர்களோடு பகிரும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது.

வியாபாரிகள் செய்ய வேண்டியவை:

1. விண்டோஸ் அப்டேட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் டெலிவரி ஆப்டிமைசேஷன் திறந்து பாருங்கள். இணையத்திலுள்ள பிற கம்ப்யூட்டர்களுடன் பகிர்வதை நிறுத்துங்கள். கடைக்குள் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் அவற்றுக்குள் மட்டும் பகிரலாம். ஒருமுறை இறக்கியது மற்றவற்றுக்கும் உதவும்.

2. கியூபிட்டொரென்ட் போன்ற செயலிகளில் அப்லோடு வரம்பு வையுங்கள். போகும் வேகத்தில் முக்கால் பங்கைத் தாண்ட வேண்டாம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 2 மெகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு 250 கிலோபைட். வரம்பு 180 போதும்.

3. வியாபார நேரத்தில் அறவே வேண்டாம். செயலியிலேயே நேரம் குறித்து இரவுக்கு ஒதுக்குங்கள். 1 மெகாபிட் வேகத்தில் 1 ஜி.பி. இறங்கச் சுமார் இரண்டேகால் மணி நேரம் ஆகும்.

4. மொபைல் டேட்டாவில் கடை நடத்துவோர் பௌர்ணமி இரவைத் தவிர்க்கவும். கிரிவலக் கூட்டத்தின் செல்போன்கள் எல்லாம் நம்மூர்க் கோபுரங்களையே பங்கு போட்டுக்கொள்ளும் இரவு அது. மாதம் தோறும் 20-ந் தேதி நெருங்கும்போதும் எச்சரிக்கை தேவை, ஜி.எஸ்.டி.ஆர்-3பி காத்திருக்காது.

இம்முறை சட்டவிரோதமானதல்ல. லிபர் ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இவ்வழியிலும் கிடைக்கின்றன. ஆனால் புதுப்படம் இறக்குவது வேறு. அதை இறக்கும்போதே பிறருக்கும் விநியோகிக்கிறோம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 63-ம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு. கடைப் பையன்களிடமும் சொல்லி வையுங்கள். இணைப்பு நம் பெயரில் இருக்கிறது.

கைமாற்று நல்ல பழக்கம்தான். ஆனால் அளவு தெரியாமல் கொடுத்தால் நம் கல்லாவில்தான் துண்டு விழும்.