வழுக்கணும், ஆனா வழுக்கக் கூடாது

ஹாஸ்டல் காமன் ரூமில் கேரம் ஆடியிருப்பீங்க. போர்டில் பவுடர் தூவுகிறோம், ஸ்ட்ரைக்கர் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உராய்வு குறையணும், அவ்வளவுதான் தேவை. இப்போது விதியைக் கொஞ்சம் மாற்றுவோம். அதே ஸ்ட்ரைக்கர், அதே போர்டு. முன்னால் தள்ளினால் பவுடர் போட்ட மாதிரி ஓடணும். பின்னால் இழுத்தால் ஃபெவிகால் போட்ட மாதிரி அசையாமல் நிற்கணும். இப்போ பவுடரை எங்கே போடுவீங்க?

கிராஸ் கன்ட்ரி ஸ்கீ ஓட்டுபவர்கள் ஒவ்வொரு குளிர்காலக் காலையிலும் விடை தேடும் கேள்வி இதுதான்.

நாம் சினிமாவில் பார்ப்பது ஆல்பைன் ஸ்கீயிங். ரோப் காரில் மேலே போய், சரிவில் சர்ரென்று இறங்கிவிடலாம். கிராஸ் கன்ட்ரி வேறு. நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து பக்கம் பனிக்காலத்தில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவதற்கான வழியாக இருந்தது, பிறகு விளையாட்டானது. சமதளம், ஏற்றம், இறக்கம் எல்லாமே சொந்தக் கால், கை பலத்தில்தான். ஸ்வீடனில் 1922-லிருந்து நடக்கும் வாசலோப்பெட் போட்டியின் தூரம் 90 கிலோமீட்டர். இதில் கிளாசிக் என்ற முறையில், ஒரு காலால் பனியை அழுத்திப் பின்னால் உதைத்து, மறுகாலில் வழுக்கிப் போவார்கள். உதைக்கும் நொடியில் அந்த ஸ்கீ நகரவே கூடாது. நகர்ந்தால், சோப்புத் தண்ணீர் கொட்டிய மாடிப்படியில் ஏறுகிற கதைதான். அடுத்த நொடி அதே ஸ்கீ வழுக்கி ஓடணும். ஸ்கேட்டிங் என்று இன்னொரு முறை 1980-களில் பரவியது. அதில் பக்கவாட்டில் தள்ளுவதால் இந்தத் தலைவலி இல்லை. நமக்கு சுவாரசியம் தலைவலியில்தானே, அதனால் கிளாசிக்கையே பார்ப்போம்.

விடையின் முதல் பாதி மெக்கானிக்கல். ஸ்கீயைத் தரையில் வைத்தால் அது தட்டையாக உட்காராது. நடுப்பகுதி லாரியின் லீஃப் ஸ்பிரிங் போல மேலே வளைந்து நிற்கும். இதற்கு கேம்பர் என்று பெயர். இரண்டு ஸ்கீயிலும் எடை பாதிப் பாதியாக இருக்கும்போது நடுப்பகுதி பனியைத் தொடாது. முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்தான் ஓடும். ஒரே காலில் முழு எடையையும் போட்டு உதைக்கும்போது வளைவு நிமிர்ந்து, நடுப்பகுதி பனியில் பதியும். ஆக, நடுவில் ஒட்டுகிற மெழுகு, இரு முனைகளிலும் வழுக்குகிற மெழுகு. உதைத்தால் பிரேக், விட்டால் ஓட்டம். சென்சார் இல்லை, மோட்டார் இல்லை, உங்கள் எடைதான் சுவிட்ச்.

அப்படியானால் ஸ்கீ உங்கள் எடைக்குப் பொருந்தணும். கடன் வாங்கிய ஸ்கீ காலை வாருவது இதனால்தான். சீசன் ஆரம்பிக்கும் முன் இதை வீட்டிலேயே சோதிக்கலாம், ஒரு ஏ4 தாள் போதும். சமமான தரையில் இரண்டு ஸ்கீயிலும் ஏறி நிற்கணும். பாதத்துக்கு அடியில் நண்பர் அந்தத் தாளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பார். எங்கே சிக்குகிறதோ அங்கே இரண்டு பக்கமும் கோடு. அந்தக் கோடுகளுக்கு நடுவில் இருப்பதுதான் கிக் ஜோன். இப்போது முழு எடையையும் ஒரே காலில் போட்டால் தாள் இறுகிப் பிடித்துக்கொள்ளணும். பிடிக்கவில்லையா, அந்த ஸ்கீ உங்களுக்கு ரொம்ப விறைப்பு. எவ்வளவு விலை உயர்ந்த மெழுகு தடவினாலும் அது பனியைத் தொடப்போவதில்லை.

விடையின் இரண்டாம் பாதி மெட்டீரியல் சயின்ஸ். கிக் வாக்ஸ் பசை மாதிரி ஒட்டுகிறது என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். இல்லை. பனித்துகள்களுக்குக் கூர்மையான முனைகள் உண்டு. உதைக்கும்போது அந்த முனைகள் மெழுகுக்குள் குத்திக்கொள்கின்றன, அதுதான் பிடி. கால் முன்னால் வரும்போது முனைகள் மெழுகை விட்டுக் கழன்று வந்துவிடணும். மெழுகு ரொம்பக் கடினமாக இருந்தால் முனைகள் உள்ளே போகாது, பின்னால் வழுக்கும். ரொம்ப மென்மையாக இருந்தால் உள்ளே போனவை வெளியே வராது. அதன் மேல் இன்னும் பனி சேர்ந்து, ஹீல்ஸ் போட்ட மாதிரி காலுக்கடியில் ஐஸ் கட்டிவிடும். சரியான மெழுகு என்பது அன்றைய பனியின் கடினத்தோடு பொருந்துகிற மெழுகு. வேறு ரகசியம் இல்லை.

பனியின் கடினமோ தினம் மாறும். மைனஸ் 12-ல் நேற்று ராத்திரி விழுந்த புதுப்பனி ஊசி மாதிரி கூராக இருக்கும், அதற்குக் கடினமான மெழுகு. பத்து நாள் பழைய பனியில் முனைகள் தேய்ந்து உருண்டிருக்கும், அதற்குக் கொஞ்சம் மென்மையானது. இதை நிறத்தால் பிரித்து வைத்திருக்கிறார்கள். பச்சை கடுங்குளிருக்கு, நீலம் மிதமான குளிருக்கு, ஊதா பூஜ்ஜியத்தை ஒட்டி, சிவப்பு அதற்கு மேலே. மரத்தில் செய்த ஸ்கீ இருந்த காலத்தில் பைன் மரத் தார், தேன்மெழுகு, பிசின் என்று ஆளாளுக்கு ஒரு கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 1936 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஸ்வீடன் வீரர் மார்ட்டின் மாட்ஸ்போ, ஆஸ்ட்ரா என்ற மருந்து கம்பெனியோடு சேர்ந்து உழைத்ததில் 1946-ல் ஸ்விக்ஸ் மெழுகு வந்தது. பச்சை, நீலம், சிவப்பு என்ற வரிசை அங்கிருந்து பரவியதுதான்.

பனி உருகி மறுபடி உறைந்து ஐஸ் ஆகிவிட்டால் எந்தக் கட்டி மெழுகும் நிற்காது. அதற்கு கிளிஸ்டர். ட்யூபில் வரும் கோந்து. பலாப்பழம் உரித்த கையைப் பார்த்திருக்கிறீர்களா, கிட்டத்தட்ட அது. கை, சட்டை, கார் சீட் என்று எங்கும் ஒட்டும். நார்வேக்காரர் பீட்டர் ஓஸ்ட்பி 1913-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். எல்லாவற்றிலும் மோசமான வானிலை, சரியாகப் பூஜ்ஜிய டிகிரியில் பெய்யும் ஈரப் புதுப்பனி. கிளிஸ்டர் போட்டால் ஐஸ் கட்டும், கட்டி மெழுகு போட்டால் வழுக்கும். அன்றைக்கென்றே கிக் ஜோனில் மெழுகே இல்லாமல், அடிப்பரப்பைச் சொரசொரப்பாக்கிய தனி ஸ்கீ வைத்திருக்கிறார்கள்.

தடவும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கிக் ஜோனை 100 முதல் 150 கிரிட் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, முதலில் ஒரு பைண்டர் பூச்சு. அதன் மேல் மெழுகை மெல்லிசாகப் பூசி, கார்க் கட்டையால் தேய்த்துப் பரப்பணும். பிறகு அடுத்த பூச்சு. இப்படி நாலைந்து மெல்லிய பூச்சுகள். சோம்பேறித்தனப்பட்டு ஒரே தடவையில் அப்பினால் போட்ட கொஞ்ச நேரத்திலேயே பனி அதை உரித்துவிடும்.

சரி, வழுக்குகிற பக்கத்துக்கு வருவோம். பனியில் ஏன் வழுக்குகிறது? எடையின் அழுத்தத்தால் பனி உருகுகிறது என்று நாமெல்லாம் படித்திருப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ ஆள், ஒரு ஸ்கீயின் நீளம் 2 மீட்டர், அகலம் 4.4 சென்டிமீட்டர். அழுத்தம் 8 கிலோபாஸ்கல் கூட வராது. ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தத்துக்கு ஐஸின் உருகுநிலை இறங்குவது 0.0074 டிகிரிதான். நிஜத்தில் தொடும் பரப்பு இதைவிடச் சிறியது, அதனால் அங்கே அழுத்தம் கூடும் என்று வைத்துக்கொண்டாலும் மைனஸ் 10-ல் கதை நடக்காது. 1939-ல் பௌடன், ஹ்யூஸ் இருவரும் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்கில் சோதனை செய்து, உருக்குவது உராய்வின் வெப்பம் என்று காட்டினார்கள். உராய்வுக் கெழு 0.04, எடை 700 நியூட்டன், வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்றால் 140 வாட். இரண்டு சீலிங் ஃபேன் ஓடுகிற பவர். அது உண்டாக்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல்தான் ஸ்கீ போகிறது. படலம் போதவில்லை என்றால் கடுங்குளிர்ப் பனி மணல் மாதிரி உரசும். அதிகமானால் ஈரக் கண்ணாடித் தட்டுகள் ஒட்டிக்கொள்வது போல உறிஞ்சிப் பிடிக்கும். அதை உடைக்கத்தான் அடிப்பரப்பில் டயர் பள்ளங்கள் போல நுண்ணிய வரிகள் செதுக்குகிறார்கள்.

அடிப்பரப்பு அல்ட்ரா ஹை மாலிக்யுலர் வெயிட் பாலிஎத்திலீன். செயற்கை மூட்டுகளில் போடுவதும் இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். சீசன் தொடக்கத்தில் இதைத் தயார் செய்வது தனி வேலை. போன வருடம் மூடி வைத்த பழைய மெழுகைச் சுரண்டணும். ஒரு மென்மையான மெழுகை இஸ்திரிப் பெட்டியால் உருக்கிப் பரப்பி, ஆறுவதற்கு முன் சூட்டோடு சுரண்டினால் அழுக்கு அதோடு வந்துவிடும். பிறகு அசல் கிளைட் வாக்ஸ். உருக்கிச் சொட்டுவிட்டு, பெட்டியை நகர்த்திக்கொண்டே போகணும், ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது. இந்தப் பிளாஸ்டிக் 135 டிகிரி வாக்கில் உருகிவிடும், மெழுகுப் பெட்டியோ 120-லிருந்து 150 வரை சூடாக இருக்கும். துணி தேய்க்கும் பெட்டி வேண்டாம், அதன் தெர்மோஸ்டாட் ரொம்ப ஏறி இறங்கும். நன்றாக ஆறிய பிறகு பிளெக்ஸிகிளாஸ் துண்டால் சுரண்டி, முன்னிருந்து பின்னாக பிரஷ் போடணும். இவ்வளவு தடவியதையும் சுரண்டியே எடுத்துவிடுகிறோமே என்று தோன்றும். மேலே தடிமனாக நிற்கும் மெழுகு வேகத்தைக் குறைக்கும், மேற்பரப்பில் ஊறியது மட்டும் போதும். மெழுகே தேவையில்லை, இரும்புத் தகட்டால் சுரண்டினால் போதும் என்று ஸ்வீடனில் லியோனிட் குஸ்மின் என்ற ஆராய்ச்சியாளர் வாதாடினார். போட்டி அணிகள் காதில் வாங்கவில்லை.

வாங்காததற்குக் காரணம் உண்டு. ஒரு மெழுகு மட்டும் எல்லோரையும் மயக்கி வைத்திருந்தது. தண்ணீரையும் அழுக்கையும் ஒட்டவிடாத ஃப்ளோரின் மெழுகு, நம்ம நான்ஸ்டிக் தோசைக்கல்லின் உறவுக்காரன். ஈரப் பனியில் இதற்கு இணையே இல்லை. ஆனால் இதில் இருப்பவை பிஃபாஸ் வகை வேதிப்பொருட்கள், இயற்கையில் சிதையாதவை. மூடிய அறைக்குள் பெட்டியால் உருக்கும்போது புகையாகவும் தூளாகவும் எழும்புவதை நாள் முழுக்க சுவாசித்தது யார்? பதக்கம் வாங்குபவர் இல்லை, மெழுகு போடுபவர். எட்டு டெக்னீஷியன்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. அவர்கள் ரத்தத்தில் பி.எஃப்.ஓ.ஏ என்ற சேர்மத்தின் இடைநிலை அளவு மில்லிலிட்டருக்கு 112 நானோகிராம். சாதாரண ஸ்வீடன் மக்களிடம் அது 2.5. உடம்பை விட்டு வெளியேற வருடக்கணக்கில் ஆகும் பொருள் இது. டிரைபாலஜி எலெக்டிவில் உராய்வுக் கெழுவை எப்படிக் குறைப்பது என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தேன். அதைக் குறைக்கிற வேலையைச் செய்பவரின் நுரையீரல் எந்த ஃபார்முலாவிலும் வரவில்லை.

ஃப்ளோரினை விடுவது எளிதாக இல்லை. மெழுகு தப்பினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் கதகதப்பான வானிலையில் நார்வேயின் ஆண்கள் ரிலே அணி 4-வது, பெண்கள் அணி 5-வது. இந்த விளையாட்டின் ராஜாக்களுக்கு அது பெரிய அடி, பழி மெழுகின் மேல்தான் விழுந்தது. சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2019 நவம்பரில் தடையை அறிவித்தது. ஆனால் போட்டி நடக்கும் இடத்திலேயே நம்பகமாகக் கண்டுபிடிக்கும் கருவி தயாராகாமல் தள்ளிப்போய், 2023-24 சீசனில்தான் முழுமையாக அமலுக்கு வந்தது. இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ராஸ்கோப்பால் ஸ்கீயின் அடியைச் சில இடங்களில் தொட்டுப் பார்க்கிறார்கள். கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த அதே எஃப்.டி.ஐ.ஆர் தான். 2023 அக்டோபரில் ஸோல்டனில் நடந்த ஆல்பைன் உலகக் கோப்பைப் போட்டியில், நார்வே வீராங்கனை ராக்ன்ஹில்ட் மோவின்கெல் 6-வதாக வந்தும் இந்தச் சோதனையால் தகுதி இழந்தார். இந்த விதியில் சிக்கிய முதல் ஆள் அவர்.

ஆக இப்போது சீசன் தயாரிப்பில் புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. பழைய ஸ்கீயின் அடியில், பிரஷ் முடிகளுக்குள், கார்க்கில், இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தில் என்று ஃப்ளோரின் எங்கெங்கோ ஒளிந்திருக்கும். ஒரு பழைய பிரஷ், சுத்தமான ஸ்கீயையும் கெடுத்துவிடும். அடிப்பரப்பைத் திரும்பத் திரும்பச் சூட்டோடு சுரண்டுகிறார்கள், தேவைப்பட்டால் கல்லில் கொடுத்து ஒரு படலம் சீவி எடுக்கிறார்கள், பிரஷ்களைப் புதிதாக வாங்குகிறார்கள். அங்கே படிக்கப் போய், யாராவது சீனியர் ஸ்கீயோடு சேர்த்துப் பழைய மெழுகுப் பெட்டியையும் கொடுத்தால், அதில் ஃப்ளோரோ என்று எழுதிய வெள்ளைத் தூள் டப்பா இருக்கிறதா பாருங்கள். ஆசைக்குக்கூட உருக்காதீங்க, குப்பைத் தொட்டியிலும் போடாதீங்க. பழைய பெயிண்ட், பேட்டரி வாங்கும் அபாயக் கழிவு மையத்தில் அந்த டப்பாவைக் கொடுத்துவிட்டு, நீல மெழுகோடு கிளம்புங்க.